சமையல் மேடையும் தரையும்: வீட்டுக் கற்கள் குறித்து வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: சமையல் மேடைக் கடப்பா கல்லில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடங்கள் வெளுத்துவிட்டன. எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே?

பதில்: தேய்த்துப் போகாததற்குக் காரணம், அந்த இடங்களில் கல்லின் மேற்பரப்பே கரைந்திருப்பதுதான். கறுப்பாக இருப்பதால் கடப்பா கல்லை மலிவான கிரானைட் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக் கல், சலவைக்கல்லைப் போலவே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எலுமிச்சை, புளி, வினிகர் என எந்தப் புளிப்பு பட்டாலும் அதன் பளபளப்பு மங்கும். சீலர் என்னும் காப்புப் பூச்சைப் பூசினால் தப்பிக்கலாம் என்று கடைகளில் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். கல்லுக்குள் ஊடுருவும் சீலர், எண்ணெயும் மஞ்சளும் உள்ளிறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமில அரிப்பைத் தடுக்காது. வெளுத்த இடங்களை மீண்டும் பாலீஷ் செய்வதே வழி. இனிமேல் பலகையின் மீது வைத்து நறுக்குங்கள். சிந்தியதை உடனே துடையுங்கள். குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டைக் கடப்பா கல்லிலோ மார்பிளிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். இப்படிப் பாழான நல்ல தரைகளைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தமே மிஞ்சுகிறது.

கேள்வி: வெளிர்நிறக் கிரானைட்டில், அடுப்பருகே எண்ணெய்க் கறை படிந்துள்ளது.

பதில்: சமையல் சோடாவை நீரில் கெட்டியாகக் குழைத்துக் கறையின் மேல் தடித்துப் பூசி, பாலித்தீன் தாளால் ஓர் இரவு மூடிவையுங்கள். பிறகு தாளை எடுத்து, பூச்சை நன்றாக உலரவிட்டு அகற்றுங்கள். உலரும்போதுதான் அது எண்ணெயை மேலே இழுக்கிறது. பழைய கறைக்கு இதைச் சில முறை செய்ய நேரிடும்.

கேள்வி: வெள்ளை மார்பிளைச் சாதாரண சிமென்ட்டிலேயே பதிக்கலாம் என்கிறார் கொத்தனார். சரியா?

பதில்: வேண்டாம். வெள்ளை மார்பிள் ஓரளவு ஒளி ஊடுருவும் கல் என்பதால், அடியிலுள்ள சாம்பல் நிறம் மேலே தெரியக்கூடும். கல்லின் அடிப்புறத்தில் வெள்ளை சிமென்ட் பாலைத் தடவியோ, வெள்ளை நிற ஒட்டுக்கலவையைக் கொண்டோ, இடைவெளி விடாமல் முழுப் பரப்பும் படியும்படி பதிக்கச் சொல்லுங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால், கனமான பொருள் விழும்போது கல் அங்கேதான் விரிசல் விடும். ஈரம் முழுவதும் வெளியேறிய பிறகே சீலர் பூச வேண்டும்.

கேள்வி: வாசற்படிக் கற்களின் இணைப்புகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது.

பதில்: சிமென்ட்டிலுள்ள உப்புகளை நீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள். நீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டறிந்து அடைக்காதவரை அது மீண்டும் பூக்கும்.