கேட்டுக்கொண்டிருந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தோத்திரம். எனக்கு நாசரேத் பக்கம் ஒரு சிற்றூர். சபைப் பாடகர் குழுவில் 19 வருடம் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்குரல் வரிசை, பாடினேன். சித்திரையில் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். அதன்பிறகு பாட்டும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. முழங்காலில் நின்றால் அழுகைதான் வருகிறது. இரவில் போனில் கீர்த்தனைகளைப் போட்டுக் கேட்டபடி படுத்திருப்பேன். அப்போது மட்டும் நெஞ்சு இளகுகிறது. "பாட்டுக் கேட்பது ஜெபமாகுமா?" என்று மதினி கேட்கிறார். நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேனா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லவே இல்லை.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையில் அப்போஸ்தலன் பவுலும் அவருடைய உடனூழியர் சீலாவும் நடுராத்திரியில் பாடியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அந்த வசனம் முடிகிறது. அவர்கள் பாடவில்லை, ஜெபித்ததாகவும் எழுதப்படவில்லை. ஆனால் பூமி அதிர்ந்தபோது எல்லாருடைய கட்டுகளும் கழன்றன, சும்மா கேட்டிருந்தவர்களுடையதும்தான். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை மதினியோடு சேர்ந்தே வாசியுங்கள்.

என் தகப்பனார் இறந்த வருடம் எனக்குப் பதினொரு வயது. மார்கழியில் விடியுமுன் சபையாரின் கிறிஸ்துமஸ் பஜனை எங்கள் தெருவுக்கு வந்தது. துக்க வீடு என்பதால் டோலக்கை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று தாழ்ந்த குரலில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார்கள். அம்மா வெளியே வரவில்லை. வாசலை அடுத்த தார்சாவில் படுத்திருந்த நான் பார்த்தேன், உள்கதவு ஒரு சாண் திறந்தது. பஜனை தெருமுனை திரும்பும்வரை அது மூடவில்லை. அந்த வருடம் அம்மா செய்த ஜெபம் அதுதான் என்று இன்றுவரை நம்புகிறேன்.

எல்லாப் பாட்டும் இதைச் செய்துவிடாது. இன்றே ஆசீர்வாதம் என்று கைதட்டச் சொல்கிற பாட்டுகள், துக்கத்தில் இருப்பவரை இன்னும் தனியாக்கிவிடுகின்றன. அவற்றை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. அவருடைய 'சத்தாய் நிஷ்களமாய்' பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். துணை யார், உறவு யார் என்று கேட்டுத்தான் ஒவ்வொரு சரணமும் முடிகிறது. பாடிப் பாடிப் பழகியதில் அது கேள்வி என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. வெறுமையான வீட்டில் படுத்திருக்கும் உங்களுக்கு அது கேள்வியாகவே கேட்கும். அந்தக் கேள்வியை ஆண்டவரிடமே கேட்கிறார் கிருஷ்ண பிள்ளை. உங்கள் வாயில் வராததை அவர் உங்களுக்காகச் சொல்கிறார். வேறு பாட்டுக்குத் தாவாமல் அதை முழுதும் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

வருகிற கிறிஸ்துமஸுக்குப் பாடியே ஆக வேண்டும் என்று உங்களை நெருக்கிக்கொள்ளாதீர்கள். ஆல்டோ வரிசையில் உங்கள் இடம் காத்திருக்கும். பஜனை உங்கள் தெருவுக்கு வருகிற அன்று மட்டும் போனை அணைத்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள்.