டிபன் பாக்ஸை எடுத்துப் போட எத்தனை முறைதான் சொல்வது?

கேள்வி: மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. டிபன் பாக்ஸைக் கழுவப் போடுவது, மாடியில் காயும் துணியை எடுத்து வருவது, செடிக்குத் தண்ணீர், காலையில் குப்பையை வெளியே வைப்பது இதெல்லாம் அவர்கள் பொறுப்பு. மகளாவது ஓரளவு செய்கிறாள், மகனுக்கு நான்கு முறை கத்த வேண்டும். வேண்டுமென்றே மறக்கிறானா? – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டுமென்றே இல்லை, முதலில் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். விளையாட்டுக்கு நடுவிலும் 'ஆறு மணிக்குத் துணி எடுக்கணும்' என்பதை மனதில் வைத்திருந்து, யாரும் சொல்லாமல் சரியான நேரத்தில் எழுவது ஒரு தனித் திறமை. அதற்குக் கைகொடுக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பிக்கிற பிள்ளை பாக்ஸை மறப்பது இதனால்தான்.

இன்னொன்று, சொன்னால் வருத்தப்படாதீர்கள். மூன்று முறை சாதாரணமாகச் சொல்வீர்கள், நான்காவது முறை குரல் உயரும், அப்போது எழுந்தால் போதும் என்று அவன் பழகிவிட்டான். ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையை இத்தனை நாளாக நீங்கள்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அதை உங்கள் வாயிலிருந்து எடுத்து, தினமும் எப்படியும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். 'சாயங்காலம் செய்' என்றால் பிள்ளைக்குப் பிடிபடாது. தோளிலிருந்து பை இறங்கியதும், ஷூவைக் கழற்றும் முன்பே, பாக்ஸ் சிங்க்குக்குப் போய்விட வேண்டும். குப்பை வண்டி விசில் கேட்டதும் வாளி வாசலுக்கு. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது, வெறுமனே 'செய்வேன்' என்பதைவிட நன்றாக வேலை செய்யும் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் எழுதினார். ஆனால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, உடம்புக்குப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பையை மாட்டிவிட்டு வாசலிலிருந்து உள்ளே வரச் சொல்லுங்கள், நாலைந்து தடவை, சிரித்துக்கொண்டே. சுவரில் சார்ட் ஒட்டலாமா என்றால், ஒட்டுங்கள், ஆனால் ஒரு வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடும்.

நான்கு வேலையையும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டாம், இப்போதைக்கு பாக்ஸ் மட்டும். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, அதுவும் பெரியவர்களுக்கு! நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது, அதனால் மறந்த நாளில் பழைய கணக்கையெல்லாம் எடுக்காதீர்கள். 'பை இறங்கியாச்சு, அப்புறம்?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பதில் அவனிடமிருந்து வரட்டும். வெள்ளிக்கிழமை பாக்ஸ் திங்கட்கிழமை காலையில் நாற்றத்தோடு பையிலிருந்து வந்தால், வெந்நீர் வைத்துக் கொடுங்கள், அவனே தேய்க்கட்டும். அவசரத்தில் நீங்கள் வாங்கிக் கழுவிவிடாதீர்கள். ஓரளவு செய்கிறாளே என்று தங்கையிடமும் நீட்டிவிடாதீர்கள்.