பிரைமரை எதில் பொருத்துவது? தோட்டா மறுநிரப்பு: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர், சுட்ட பித்தளைக் கூடுகளை வீசிவிடாமல் வீட்டிலேயே திரும்ப நிரப்பிக்கொள்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த வேலையின் ஒரே கட்டத்தைப் பற்றியவை: கூட்டின் அடியில், ஊசி குத்தும்போது தீப்பிடித்துப் பவுடரைப் பற்ற வைக்கும் சிறு பாகமான பிரைமரை உட்கார வைப்பது.

மான் வேட்டைக்காக .308 வின்செஸ்டர் அளவு ரைஃபிள் கூடுகளை நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். என் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸிலேயே (ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் நெம்புகோல் கருவி) பிரைமரைப் பொருத்தும் ஆர்ம் இருக்கிறது. கையில் பிடித்து அழுத்தும் கருவி வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். மேசையில் பூட்டும் கருவியும் கடையில் இருக்கிறது. எது சரி? (ஹூஸ்டன் வாசகர்)

கைக் கருவி வாங்குங்கள். விரல் வலி, மூட்டு வாதம் இருந்தால் மட்டும் மேசைக் கருவிக்குப் போங்கள். பிரஸ்ஸில் உள்ள ஆர்மைக் கழற்றி எடுத்து வைத்துவிடலாம்.

பிரைமருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். மெல்லிய உலோகக் கிண்ணம், அதன் அடியில் உலர்ந்த வெடிகலவை, வாய்ப்புறத்தில் ஆன்வில் என்ற சிறு அடைகல். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தில் குத்தும்போது, கலவை ஊசிக்கும் ஆன்விலுக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. ஆன்வில் அசையாமல் நின்றால்தான் இது நடக்கும். அதன் கால்கள் பிரைமர் குழியின் தரையைத் தொட வேண்டும். தொட்ட பிறகு கிண்ணத்தை இன்னும் ஒரு மயிரிழை அழுத்த வேண்டும். அப்போது ஆன்வில் கலவைக்குள் லேசாகப் பதிந்து, பிரைமர் சுடத் தயாராகிறது.

அந்தத் தொடும் நொடியை உங்கள் கை உணர வேண்டும். முதலில் குழியின் சுவரில் உரசிக்கொண்டு சீராக உள்ளே போகும். பிறகு சட்டென்று கெட்டியாக நிற்கும். கைக் கருவியில் இது விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். பெரிய பிரஸ்ஸின் நெம்புகோல் முழு நீளக் கூட்டையே அச்சுக்குள் தள்ளிச் சுருக்குவதற்காகச் செய்யப்பட்டது. அவ்வளவு பலத்துக்கு முன்னால் பிரைமரின் எதிர்ப்பு ஒன்றுமே இல்லை. தரை எங்கே வந்தது, எப்போது நசுங்கத் தொடங்கியது என்று தெரியாமலே கைப்பிடி கடந்து போய்விடும். பிரஸ்ஸில் பொருத்தி நல்ல தோட்டா செய்பவர்கள் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் கற்க வேண்டிய முதல் விஷயமே இந்த உணர்வு என்பதால், அதை மறைக்கும் கருவியில் தொடங்க வேண்டாம்.

மேசைக் கருவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கைப்பிடி நீளமாக இருப்பதால் விரல் களைக்காது, உணர்வும் பெரும்பாலும் கிடைக்கும். ஒரே நாளில் 300, 400 கூடு பொருத்துபவருக்கு அதுதான் வசதி. நீங்கள் வேட்டைக்கு முன் 50, 60 தோட்டா செய்பவர் என்றால் அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

வாங்கும்போது, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைக் கவனியுங்கள். உங்கள் பிரஸ்ஸின் ஷெல் ஹோல்டரே பொருந்தும் கருவிகள் உண்டு. தனியாக வாங்க வேண்டியவையும் உண்டு. ஆர்.சி.பி.எஸ். யுனிவர்சல் போன்றவை தாடைகளால் கூட்டைப் பிடிப்பதால் ஷெல் ஹோல்டரே கேட்காது. உங்கள் பிரைமர் பிராண்டைத் தட்டில் நிரப்பிப் பயன்படுத்தலாமா என்று கருவியின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். சில கருவிகளுக்குச் சில பிராண்டுகளைத் தவிர்க்கச் சொல்லியிருப்பார்கள். அதை மீற வேண்டாம். ஒரு தட்டில் 100 பிரைமர் இருக்கிறது. ஒன்று வெடித்தால் மற்றவையும் கூடவே போகலாம்.

இனி வேலை. பழைய பிரைமரைத் தள்ளி எடுத்த பிறகு, குழியின் மூலையில் படிந்த கரியைச் சிறு பிரஷ்ஷால் சுரண்டுங்கள். கரி இருந்தால் ஆன்வில் தரையைத் தொடாமல் கரியின் மேல் நிற்கும். வால்நட் ஓட்டுத் துகளோடு கூடுகளைக் குலுக்கும் டம்ளர் இயந்திரத்தில் சுத்தம் செய்திருந்தால், அந்தத் துகள் குழியின் தரையில் உள்ள தீத்துளையில் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தட்டை மெதுவாகக் குலுக்கினால் பிரைமர்கள் புரளும். எல்லாம் ஆன்வில் மேலே தெரியும்படி திரும்பிய பிறகு மூடியைப் போடுங்கள். கருவியின் தட்டு முகத்தை நோக்கி இருக்கக் கூடாது.

கூட்டை ஹோல்டரில் முழுவதுமாகத் தள்ளி, ஒரே சீரான அழுத்தத்தில் பிழியுங்கள். வெட்டி வெட்டி அழுத்தக் கூடாது. தரை தட்டியதும் சிறிது கூடுதலாக அழுத்தி விடுங்கள். பிறகு கூட்டை அரைச் சுற்று திருப்பி இன்னொரு முறை அழுத்தினால், சாய்வாக நின்ற பிரைமரும் சமமாகும்.

சரியாக உட்கார்ந்த பிரைமரின் முகம் கூட்டின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே இருக்கும். இதைக் காலிப்பரின் ஆழ அளவுகோலால் பார்க்கலாம். தினசரி வேலைக்கு விரலே போதும்: ஆள்காட்டி விரலை அடியில் குறுக்கே இழுத்தால் சிறு பள்ளம் தட்டுப்பட வேண்டும், மேடு தட்டுப்படக் கூடாது. கண்ணாடிப் பலகை மேல் கூட்டை நிறுத்தினால் ஆடாமல் நிற்க வேண்டும்.

எந்த எதிர்ப்பும் இல்லாமல் பிரைமர் வழுக்கிக்கொண்டு போகிறதா? கருவியைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கூட்டின் குழி அதிக அழுத்தத்தால் விரிந்துவிட்டது. அதை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

9 மில்லிமீட்டர் தோட்டாக்களை, ஒவ்வொரு இழுப்பிலும் பல கட்டங்களைச் சேர்த்துச் செய்யும் ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸில் செய்கிறேன். பத்து, இருபதுக்கு ஒன்று முதல் அடியில் சுடவில்லை. அதையே மறுபடி ஏற்றினால் சுடுகிறது. பிரைமர் மோசமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பிரைமர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் பொருத்துதலைப் பாருங்கள். இரண்டாம் அடியில் சுடுவது, பிரைமர் உயரமாக நின்றதன் முதல் அடையாளம். முதல் அடியின் வலு முழுவதும் பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இப்போது அது தரையில் உட்கார்ந்துவிட்டதால் அடுத்த அடிக்குச் சுடுகிறது.

ப்ரோகிரஸிவ் பிரஸ்ஸில் பொருத்துவது பெரும்பாலும் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளும் கடைசிப் பகுதியில் நடக்கிறது. வேகம் பிடித்ததும் அந்தக் கடைசித் தள்ளலைத்தான் கை முதலில் விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் எல்லை வரை தள்ளி, அங்கே நின்று ஒரு அழுத்து அழுத்துங்கள். அதற்குப் பிறகும் வந்தால், கூடுகளைத் தாங்கிச் சுழலும் ஷெல் பிளேட்டின் நடு போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்தால் பிளேட் சாய்ந்து கூடும் சாயும். பிரைமரை மேலே தள்ளும் பஞ்ச்சின் அடியில் சிந்திய பவுடர் துகளைத் துடையுங்கள்.

முடிந்த தோட்டாக்களைத் தலைகீழாகத் தோட்டாப் பெட்டியில் அடுக்கி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி விளக்கடியில் ஒரு பார்வை ஓட்டுங்கள். உயரமாக நிற்பது தனியாக மின்னும். அரை நிமிட வேலை. ப்ரோகிரஸிவில் செய்பவர் இதைத் தவிர்க்கவே கூடாது.

ராணுவக் கூடுகள் மலிவாகக் கிடைத்தன, 5.56 அளவு. பிரைமர் பாதி போய்ச் சாய்ந்து நசுங்குகிறது. இன்னும் பலமாக அழுத்தலாமா? (சான் அன்டோனியோ வாசகர்)

வேண்டாம். ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் கழன்று வராமல் இருக்க, குழியின் விளிம்பை உள்நோக்கி மடித்துவிடுகிறார்கள். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்த பின்பும் அந்த மடிப்பு அங்கேயே இருக்கிறது. புதியது அதில் மோதி நசுங்குகிறது. மடிப்பை ஒரு முறை நீக்கினால் போதும். ஸ்வேஜ் கருவி உலோகத்தை வெளிப்புறம் தள்ளிச் சரிசெய்யும். ரீமர் வெட்டி எடுக்கும். ரீமரை அளவு மீறிச் சுழற்றினால் குழி தளர்ந்து கூடு வீணாகும் என்பதால், நிறைய கூடு வைத்திருப்பவருக்கு ஸ்வேஜ்தான் நல்லது. ஆனால் கூட்டின் உள்தரைத் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அடியில் உள்ள தயாரிப்பாளர் முத்திரை பார்த்துப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் கருவியை மறுபடி சரிசெய்யுங்கள்.

ஏ.ஆர்.-15 ரைஃபிளில் சுடுவதற்காகத்தான் இவற்றைச் செய்கிறீர்கள் என்றால் உயரமான பிரைமரை இன்னும் கடுமையாகத் தேடுங்கள். அதன் ஊசிக்கு ஸ்பிரிங் தடுப்பு இல்லை. தோட்டாவை அறைக்குள் அடைக்கும் போல்ட் மூடும்போதே ஊசி முன்னோக்கி வந்து பிரைமரை லேசாகத் தொடும். சாதாரணமாக ஒரு சிறு புள்ளி மட்டும் விழும், அதில் தவறில்லை. பிரைமர் வெளியே நின்றால் விசையைத் தொடாமலே வெடிக்க வழி இருக்கிறது. எம்1 காரண்ட் ரைஃபிளுக்கும் இதே எச்சரிக்கை. லேசான தொடுதலுக்குச் சுலபமாகத் தீப்பிடிக்காத சி.சி.ஐ. 41 பிரைமரை 5.56-க்கும், சி.சி.ஐ. 34-ஐ 7.62-க்கும் இதற்காகவே செய்கிறார்கள்.

பவுடரும், தோட்டாவின் முனையில் பறந்து போகும் புல்லட்டும் போட்டு முடித்த பிறகுதான் பிரைமர் உயரமாக இருப்பதைப் பார்த்தேன். கருவியில் வைத்து மெல்ல அழுத்தினால் என்ன? (டாலஸ் வாசகர்)

கூடாது. நிரப்பி முடித்த தோட்டாவின் பிரைமரை எந்தக் கருவியிலும் தொடாதீர்கள். புல்லட்டைக் கவ்வி இழுக்கும் காலெட் வகை புல்லட் புல்லரில் அதைக் கழற்றி, பவுடரைக் கொட்டிவிடுங்கள். கூடு வெறுமையான பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெதுவாக மறுபடி அழுத்தலாம். பிரைமர் நசுங்கியோ சாய்ந்தோ இருந்தால் அதுவும் வேண்டாம். வெறும் கூட்டைத் துப்பாக்கியில் ஏற்றிப் பயிற்சித் திடலில் பாதுகாப்பான திசையில் சுட்டு பிரைமரைத் தீர்த்துவிட்டு, பிறகு தள்ளி எடுங்கள்.

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான லார்ஜ் பிஸ்டல் பிரைமர் தீர்ந்துவிட்டது. லார்ஜ் ரைஃபிள் பிரைமர் போடலாமா? (டென்வர் வாசகர்)

போட வேண்டாம். இரண்டுக்கும் விட்டம் 0.210 அங்குலம்தான், ஆனால் ரைஃபிள் பிரைமர் உயரம் அதிகம். பிஸ்டல் குழியில் எவ்வளவு அழுத்தினாலும் வெளியே நிற்கும். இன்னொன்று: கைத்துப்பாக்கிக்கான .45 ஏ.சி.பி. கூடுகளில் சில ஸ்மால் பிரைமருக்காகச் செய்யப்பட்டவை. பொறுக்கி வந்த கூடுகளைப் பிரிக்காமல் ஓட்டினால் லார்ஜ் பிரைமர் அதில் மோதி நசுங்கும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. நண்பருக்கு உதவியாக என் கராஜில் மறுநிரப்புப் பொருள்கள் வைத்திருக்கலாமா? (ஜார்ஜியா வாசகர்)

வைக்காதீர்கள். நான்-இமிகிரன்ட் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் முழுத் தோட்டா மட்டுமல்ல, பிரைமர், கூடு, புல்லட், பவுடர் ஒவ்வொன்றும் தனித்தனியே தோட்டாவாகவே கருதப்படுகிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை பொருந்தாது.

விலை குறைந்தபோது பிரைமர் மொத்தமாக வாங்கினேன். அட்டைப் பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன. கண்ணாடிச் சீசாவில் கொட்டி வைக்கலாமா? அடுத்த மாதம் சென்னை போகிறேன். கொஞ்சம் எடுத்துப் போக முடியுமா? (நியூ ஜெர்சி வாசகர்)

இரண்டுமே முடியாது. அந்த அட்டைப் பெட்டி அவ்வளவு இடம் பிடிப்பது ஒரு பிரைமருக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி கொடுக்கத்தான். சீசாவில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடித்து, கண்ணாடியும் சிதறும். தொழிற்சாலைப் பெட்டியிலேயே, சூடும் ஈரமும் இல்லாத இடத்தில், பவுடரிலிருந்து விலக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அமெரிக்கத் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 495 விதிமுறை வீட்டில் 10,000 பிரைமர் வரைதான் அனுமதிக்கிறது. அதையும் கடந்து வாங்கியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் பிரைமரைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாவாகவே கருதப்படுகின்றன. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் வழக்குதான். மறந்துபோய்ப் பையில் தங்கிய ஒற்றைத் தோட்டாவுக்கே விமான நிலையங்களில் வழக்குப் பதிவாகிறது. சுடும் திடலுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.