விதைக்கும் முன் அறுவடை நாளை எண்ணுங்கள்: டெல்டா கேள்வி பதில்

வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மன்னார்குடி பக்கம் சொந்த வயல் உண்டு. எங்கள் காவிரி டெல்டா விவசாயக் குழுவில் இந்த வாரம் வந்த கேள்விகளில் நெல், தண்ணீர், மண் தொடர்பானவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

திருவாரூர்: மேட்டூர் அணை தாமதமாகத் திறந்தாலும் குறுவை நெல் போடலாமா? 110 நாள் பயிர்தானே?

நாளை எண்ணிப் பாருங்கள். ஜூன் 20-ல் விதைத்தால் அக்டோபர் 8-ல் அறுத்துவிடலாம். 2024-ல் மேட்டூர் திறந்ததோ ஜூலை 28. அன்றைக்கே விதைத்திருந்தாலும் 110-வது நாள் நவம்பர் 15. ஐப்பசி அடைமழையில் முற்றிய கதிர் நிற்கும். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. சாய்ந்த பயிர் மூன்று நான்கு நாள் தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிவிடும். ஒரு கைப்பிடி அள்ளினால் மணிகள் வேர் பின்னிக் கொத்தாக வரும். அதைக் காயவைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. போர்செட் இருந்து தண்ணீரும் நல்லதாக இருந்தால் ஆற்றை நம்பாமல் முன்பே நாற்று விடுங்கள். இல்லாவிட்டால் தாமதமான வருடத்தில் ஒரே போகமாக, நீண்ட நாள் நெல்லான சம்பாதான் சரி. விதைக்கும் முன் அறுவடை நாளை எண்ணுங்கள்.

மயிலாடுதுறை: குறுவைக்கு எந்த ரகம் நல்லது?

ஏடிடி 43, ஏஎஸ்டி 16, கோ 51. எல்லாமே 110 நாளை ஒட்டியவை. உங்கள் மண்ணுக்கு எது என்பதைப் பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள்.

ஒரத்தநாடு: மேட்டூர் அணையால்தான் டெல்டா கெட்டது. வண்டல் வருவது நின்றுவிட்டது. மறுக்க முடியுமா?

இதற்குக் கீழே நாற்பது பதில்கள் குவிந்துவிட்டன, அதனால் விரிவாகவே சொல்கிறேன். வண்டல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆண்டுதோறும் ஆறு கொண்டுவந்து வயலில் போட்ட மண்தான் இந்தச் சமவெளியே. அதில் பெரும்பங்கு இப்போது அணைகளுக்குள் தங்கிவிடுகிறது. கடலோரத்துக்குப் புது மண் போய்ச் சேராததும் உண்மை.

ஆனால் 1924-ல் காவிரியில் வந்த பெருவெள்ளத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். அப்போது ஆற்றைத் தடுத்து நிறுத்த மேலே மேட்டூர் இல்லை. கல்லணை வெள்ளத்தைப் பிரித்துக் கொள்ளிடத்தில் தள்ளும், தேக்கி வைக்காது. 1934-ல் மேட்டூர் வந்தது. 120 அடி வரை 93.47 டிஎம்சி தண்ணீரைத் தேக்கும். அதே காலத்தில்தான் கல்லணைக் கால்வாயும் வந்தது. நாம் புது ஆறு என்று சொல்கிறோமே, அதுதான். ஐயா, ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் ஆற்றுப் பாசனத்துக்குள் வந்ததே அதனால்தான். நீங்கள் நடும் நெல்லுக்குத் தண்ணீர் அந்த அணையிலிருந்துதான் வருகிறது.

வேதாரண்யத்து நண்பர் நடுவில் வந்து, “அணையும் வேண்டாம், பழைய ரகங்களுக்குத் திரும்பினால் போதும்” என்றார். பழைய ரகங்களை நானும் மதிக்கிறேன், கொஞ்சம் பயிரிடவும் செய்கிறேன். ஆனால் அவற்றில் பல நீண்ட நாள் பயிர், உயரமாக வளர்ந்து சாயக்கூடியவை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம், வழக்கமான நாளான ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. ரகத்தை மாற்றியிருந்தால் அந்த ஜூனில் தண்ணீர் வந்திருக்குமா? குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து, கர்நாடக அணைகள் நிரம்பி, அப்புறம்தான் நமக்கு. அங்கே ஆனியில் வானம் பொய்த்தால் இங்கே நாற்றங்கால் காயும்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: டெல்டாவில் ஊர்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன?

நல்ல கேள்வி அம்மா. ஒரு மழை நாளில் அரசலாற்றங்கரையோடு நடந்து பார். ஆறு பெருகும்போது கனமான மண்ணைக் கரையோரத்திலேயே போட்டுவிடும். அதனால் கரை மேடாகும். வீடும் கோயிலும் அந்த மேட்டில். படுகையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். தள்ளிப் போகப் போகப் பள்ளம், அங்கே நெல். அதனால்தான் பல ஊர்கள் ஆற்றோடு வரிசையாக இருக்கின்றன. நாற்றுப் பறிக்க, நட, களையெடுக்க ஒரே வாரத்தில் நூறு கை வேண்டும். ஆட்கள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். நிலம் ஒரு சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்ததால், பஞ்ச வருடங்களில் அந்தப் பலர்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். இன்று திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். இங்கே நடவுக்கு வட மாநில ஆட்கள் வருகிறார்கள்.

நாகை: நிலத்தில் உப்பு பூத்திருக்கிறது. ஜிப்சம் போடவா?

முதலில் மண் பரிசோதனை. களருக்குத்தான், அதாவது சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான், ஜிப்சம். கடலோரத்தில் பெரும்பாலும் உவர், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண். நல்ல தண்ணீர் கட்டி, கரைத்து, வடிக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு கடல்நீர் ஏறிய வயல்களை மீட்டதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. குழியடிச்சான், களர்பாலை என்ற பழைய நெல் ரகங்கள் உப்பைத் தாங்கும்.

சீர்காழி: பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் எப்போது?

வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

வலங்கைமான்: குறுவைக்கு எந்த ரகம்?

மேலே மயிலாடுதுறைக்குச் சொன்னதுதான்.

நீடாமங்கலம்: இந்த வருடம் எந்த ரகம் போடலாம்?

இதையே இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே படியுங்கள். ரகத்தைக் கேட்பவர்கள் யாரும் விதைக்கும் தேதியைச் சொல்லவில்லை. தேதி தெரியாமல் ரகம் சொல்ல முடியாது. அறுவடை நாளை எண்ணுங்கள்.

முத்துப்பேட்டை: சிஆர் 1009 சப் 1 நெல் ரகம் வெள்ளத்தைத் தாங்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

தாங்கும். இளம் பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் அதுவும் பதராகும். உங்களுக்கு விதையைவிட வடிகால் முக்கியம். எங்கள் வயலுக்குக் கீழே ஒரு மதகு. ஒரு கார்த்திகையில் வயலில் முழங்கால் தண்ணீர், மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் கணுக்கால் அளவுகூட இல்லை. இறங்கிக் கையை விட்டுப் பார்த்தால் ஆகாயத்தாமரை வேர் மெத்தையாக அடைத்திருந்தது, நடுவில் காட்டாமணக்குக் கட்டை. நாலு பேர் அரிவாளோடு இறங்கி இரண்டு மணி நேரம் வெட்டினோம். மறுநாள் காலை நாற்று தலை தெரிந்தது. இப்போது புரட்டாசியிலேயே அந்த மதகைப் போய்ப் பார்த்துவிடுகிறோம். நீங்களும் மழைக்கு முன்னால் உங்கள் வடிகாலோடு அது ஆற்றில் சேரும் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அடைப்பு என்று எழுதுங்கள்.