ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வகுப்பறையும்: கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டார ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்குச் சிறப்பாசிரியர் ஒருவரின் பதில்கள்.

கானாடுகாத்தான் ஆசிரியை: எங்கள் பள்ளி பழைய செட்டியார் வீட்டில் நடக்கிறது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறான். வெறும் அடம் என்கிறார்கள்.

அடம் இல்லை டீச்சர். உயரமான கூரை, கண்ணாடி மாதிரி இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. சத்தத்தை உள்வாங்க அங்கே எதுவுமே இல்லை. பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தால் நமக்கே காது அடைக்கும். ஆட்டிசம் உள்ள பலருக்கு வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்பது கடினம். மின்விசிறியும் மணியும் உங்கள் குரலும் ஒன்றாக மோதும்.

தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். அவனை மணிக்குத் தூரமாக, சுவரோரம் உட்கார வையுங்கள். மணி அடிக்கப்போவதை ஒரு நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தூணுக்குப் பின்னால் போவது அவனே கண்டுபிடித்த வைத்தியம், அதைத் தடுக்காதீர்கள். ஒரு அட்டையைக் கொடுத்து, காட்டிவிட்டுப் போகலாம் என்று பழக்குங்கள்.

அப்புறம், அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுங்கள்: பிரார்த்தனை, தமிழ், கணக்கு, சத்துணவு, விளையாட்டு. முடிந்ததை அவனே கழற்றட்டும். கொப்புடையம்மன் திருவிழாவுக்காக நேரம் மாறுகிறதென்றால் முந்தின நாளே படத்தை மாற்றிக் காட்டுங்கள். கையை உதறினால் பிடித்து நிறுத்தாதீர்கள், அவன் தன்னைச் சமாளிக்கும் வழி அது.

கோட்டையூர் தாய்: இது குணமாகுமா? மருந்து உண்டா?

ஆட்டிசம் நோய் இல்லை அம்மா, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதைப் போக்கும் மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் உதவும்.

புதுவயல் தந்தை: தடுப்பூசியால் வந்ததா?

இல்லை. 1998-இல் அப்படிக் கிளப்பிவிட்ட கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. ஊசியைத் தவறாமல் போடுங்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குவது ஆசிரியர் கடமை. அந்தக் காலத்தில் பிரம்பைக் காட்டினாலே சரியாகிவிடும். ஒருவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவன் கேட்க மாட்டானா?

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பிரம்புக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் சரியானவர்கள் உங்கள் கண்ணில் பட்டார்கள். பள்ளியை விட்டே நின்றவர்கள் படவில்லை. கண்ணாடி போட்ட பையனைப் பார்த்து யாராவது சலுகை என்கிறோமா?

காரைக்குடி இளைஞர்: எனக்கே ஆட்டிசம் உண்டு. கண்ணைப் பார்க்கலாம், இல்லை சொல்வதைக் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்கு வராது. எது வேண்டும் ஐயாவுக்கு?

அதே தலைமையாசிரியர்: தம்பி, கேட்டால் போதும். ஆனால் நேர்முகத் தேர்வில் என்ன செய்வாய்?

அதே இளைஞர்: எதிரே இருப்பவரின் நெற்றியைப் பார்ப்பேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

இதற்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. கண்ணைப் பார்க்கச் சொல்லி முகவாயைத் திருப்பாதீர்கள், கையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். மறுபடி சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி: பேரனுக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று லட்சங்களில் கேட்கிறார்கள்.

குணம் பற்றி மேலே சொல்லிவிட்டேன் ஆச்சி. இந்த ஊசி ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தேவகோட்டை தாய்: பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகை?

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். கடைசி மாதம் வரை விடாதீர்கள்.

குன்றக்குடி தந்தை: குணமாக எத்தனை வருடம் ஆகும்?

கோட்டையூர் அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

காரைக்குடி தாய்: சேர்க்க மாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் உண்டு. அரசு நடத்தும் பள்ளியோ, அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியோ பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.