ஈர்க்குச்சி போதுமான இடமும், எலக்ட்ரீஷியன் வரவேண்டிய இடமும்

போன், சார்ஜர், இண்டர்நெட் பற்றி வாசகர்கள் இந்தத் தடவை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "கடைக்குக் கொண்டுபோகாமல் நானே சரி பண்ணிக்கொள்ளலாமா?" பல இடத்தில் பண்ணலாம். இரண்டு மூன்று இடத்தில் கையே வைக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் வீட்டுக்கு முன் தெருவிலும் பின் தெருவிலும் வாசல் உண்டு. இண்டர்நெட் பெட்டி முகப்பில் இருக்கிறது. முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டினால் சிக்னலே இல்லை. ஆவணியில் பேத்திக்குக் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பெட்டிக்குப் பின்னால் அலுமினியத் தாளை வை என்கிறான் ஒருத்தன். நாலாயிரத்துக்கு ஏதோ வாங்கச் சொல்கிறான் இன்னொருத்தன். எதைக் கேட்பது?

ஆச்சி, பழி உங்கள் வீட்டுச் சுவர் மேல்தான். வைஃபை அலை மரக்கதவைத் தாண்டிவிடும், ஒரு செங்கல் சுவரையும் எப்படியோ தாண்டிவிடும். அந்தக் காலத்தில் கட்டிய கனத்த சுவர்கள் நாலைந்து வரிசையாக நின்றால் அதற்கு மூச்சு வாங்கும். அதிலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் முதலில் சோர்ந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் குறைவு, ஆனால் எட்டும் தூரம் அதிகம். உங்கள் பெட்டி இரண்டு பெயர் காட்டினால், வீட்டின் உள்ளே இருப்பவர்கள் பெயரில் "5ஜி" என்று இல்லாததைப் பிடித்துப் பார்க்கட்டும். காசில்லாத முதல் வைத்தியம் இதுதான்.

இரண்டாவது, பெட்டி எங்கே இருக்கிறது? நான் பார்த்த பல வீடுகளில் முகப்பு அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால், தூசி படாமல் இருக்கத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். இரும்புக்குப் பின்னால் வைத்தால் அலை எப்படி வரும்? லைன்மேனைக் கூப்பிட்டு ஃபைபர் கேபிளைப் பத்து மீட்டர் நீட்டித் தரச் சொல்லுங்கள். பெட்டியை வளவைப் பார்த்த மாதிரி, ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். வானம் பார்த்த முற்றம் நமக்கு இங்கே பெரிய லாபம், குறுக்கே சுவர் கிடையாது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் எல்லாவற்றுக்கும் கதவு வழியாகவே சிக்னல் போய்விடும். ஃபைபர் கேபிளை மட்டும் மூலையில் நறுக்கென்று மடிக்க விடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

அலுமினியத் தாள் முழுப் பொய்யில்லை. அலையை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். ஆனால் அந்தப் பக்கம் கூடுவது இந்தப் பக்கம் குறையும், சுவரைத் துளைக்கும் பலமும் வராது. நாலாயிரம் ரூபாய்ச் சாமான், வந்த சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டராக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை சிக்னல் இல்லாத இடத்தில் வைத்துப் பிரயோசனமில்லை. தானே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில்தான் வைக்க வேண்டும், அப்போதும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது கம்பிதான். பழைய கனெக்‌ஷனோடு வந்த ரவுட்டர் ஒன்று எங்காவது பரணில் கிடக்கும், பேரனிடம் தேடச் சொல்லுங்கள். கேட்-6 கேபிள் ஒன்றை முகப்புப் பெட்டியிலிருந்து இரண்டாங்கட்டு வரை இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கும். பழைய ரவுட்டரில் பையன் செய்ய வேண்டியது மூன்று: அதன் முகவரியை 192.168.1.2 என்பது போல வேறாக மாற்றுவது, போன்களுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் டி.எச்.சி.பி. என்பதை ஆஃப் செய்வது, முகப்பில் உள்ள அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுப்பது. முதல் பெட்டியின் முகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பார்த்து அதற்கு ஏற்ற மாதிரி கொடுக்கட்டும். கேபிளை இரண்டு பக்கமும் "லேன்" ஓட்டையில் செருக வேண்டும். "வேன்" என்று எழுதிய ஓட்டையில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர். கேபிளுக்கு ஆகும் செலவுதான் மொத்தச் செலவு.

கேபிளை ஓட்டின் மேலாகப் போட விடாதீர்கள், இடி மின்னல் நேரத்தில் இரண்டு பெட்டியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும். தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டி உள்பக்கமாகவே போகட்டும். சுவரில் டிரில் போடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சை ஒருமுறை உடைத்தால் அதே வழவழப்பில் பூசித் தர ஆள் தேட வேண்டும். மாதக் கட்டணத்தைப் பங்காளிகள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

தேவகோட்டை கல்லூரி மாணவர்: அண்ணே, சார்ஜர் பின் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன். கடையில் போர்டு மாற்ற 1,800 ரூபாய் கேட்கிறார்கள்.

தம்பி, பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பின்னைச் செருகிப் பாருங்கள். உலோகம் முழுவதும் உள்ளே போகிறதா, அல்லது நகக்கண் அளவு வெளியே தெரிகிறதா? வெளியே தெரிந்தால் ஓட்டைக்குள் பஞ்சு அடைந்திருக்கிறது. ஜீன்ஸ் பாக்கெட்டின் நூல்தூசி, நம்ம ஊர்ச் செம்மண் புழுதி எல்லாம் உள்ளே போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் பின்னே அதை இடித்து இடித்து வறட்டி மாதிரி கெட்டியாக்கிவிடுகிறது.

போனை அணைத்துவிடுங்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு புது ஈர்க்குச்சியை உருவி, நுனியைப் பிளேடால் தட்டையாகச் சீவுங்கள். டைப்-சி ஓட்டையின் நடுவில் மெல்லிசாக ஒரு நாக்கு இருக்கும், அதன் மேல் அழுத்தாமல் சுவர் ஓரமாக உள்ளே விட்டு, அடிவரை போய், வெளிப்பக்கமாகக் கெல்லுங்கள். முதலில் ஒன்றும் வராது. மூன்றாவது நாலாவது தடவை சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டலமே வரும். ஊசி, ஹேர்பின் வேண்டாம், தொடுமுனைகளைக் கீறிவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். சுத்தம் செய்த பிறகும் பின் முழுதாக உட்கார்ந்து ஆடினால் ஓட்டையே தேய்ந்துவிட்டது, அப்போது கடைதான். அதற்கு முன் வேறு கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றுங்கள். பாதி தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பு சூடேறும்.

பள்ளத்தூர் வாசகி: லேப்டாப்பை சார்ஜில் போட்டுக்கொண்டு தொட்டால் கையில் சுருசுருவென்கிறது. டெஸ்டர் வைத்தால் மினுங்குகிறது. எங்கள் வீட்டில் பழைய ரெண்டு பின் பிளக்தான் இருப்பதால் சார்ஜரின் மூன்றாவது பின்னை வீட்டுக்காரர் ஒடித்துவிட்டார். அதனாலா?

அதனால்தான். அவர் ஒடித்தது எர்த் பின். லேப்டாப் சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. அதன் வழியே துளியளவு மின்சாரம் லேப்டாப்பின் வெளி உலோகத்துக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகப் பார்க்கும். ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு உட்கார்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்த அளவு ஆளைக் கொல்லாது. ஆனால் சார்ஜர் நாளைக்கு உள்ளே பழுதானால் காப்பாற்ற அந்தப் பின்தான் இருந்தது.

செருப்புப் போட்டுக்கொள், அட்டையை விரி என்று வரும் யோசனைகள் அறிகுறியை மறைப்பவை. இதில் சொந்தக் கைவேலை கூடவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த அறைக்கு எர்த் கம்பியோடு மூன்று பின் பிளக் போடச் சொல்லுங்கள். பழைய வீட்டில் ஸ்விட்ச் போர்டு வரை எர்த் வந்தே இருக்காது. வந்திருந்தாலும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். கோடையில் அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பெரியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அப்படியே, மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள். சார்ஜர் கம்பியையும் மூன்று பின்னோடு புதிதாக வாங்குங்கள், பெரும்பாலான லேப்டாப்பில் அது தனியாகவே கழன்று வரும்.

கோட்டையூர் வாசகர்: 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 499 ரூபாய்க்கு வாங்கினேன். என் 5,000 எம்.ஏ.எச். போன் ஒரு தடவை நிறைவதற்குள் படுத்துவிடுகிறது. இப்போது வயிறு வேறு உப்பியிருக்கிறது. பிரித்து செல்லை மாற்றலாமா?

வேண்டாம் அய்யா. உப்பியது உள்ளே வாயு சேர்ந்ததால். குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல், மணல் நிரப்பிய பழைய இரும்பு டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டி வேண்டாம்.

ஏமாந்த கதைக்கு வருவோம். நல்ல பவர் பேங்கிலும் போட்ட எண் முழுதாகக் கிடைக்காது. அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக ஏறி வரும்போது 10,000 என்பது 6,000 முதல் 6,500 வரைதான் நிற்கும். பெட்டியில் பொடி எழுத்தில் "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். 20,000 என்றால் உங்கள் போன் இரண்டரைத் தடவைக்குக் குறையாமல் நிறைய வேண்டும்.

கடையிலேயே பிடிக்க ஒரு வழி இருக்கிறது, தராசு. வழக்கமான உருளை செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும், அதிகபட்சம் 3,500 பிடிக்கும். 20,000 வேண்டுமானால் ஆறு செல்லாவது வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்து 200 கிராம் கூட இல்லையென்றால் எண் பொய். அடுத்தது, பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். முத்திரையோடு "ஆர்-" என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி ஆய்வு நிலையம் காரைக்குடியில் 1953லிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறது. அதன் காம்பவுண்டைத் தாண்டிப் போய் இந்த பேட்டரியை வாங்கியிருக்கிறீர்களே!

புதுவயல் வாசகர்: டெம்பர்டு கிளாஸில் "9எச்" என்றால் வைரத்துக்கு அடுத்த கெட்டி என்கிறார் கடைக்காரர். உண்மையா?

இல்லை. அது பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினால் கீறல் விழாது, அவ்வளவே. மணல் கீறும். ஐம்பது ரூபாய்க் கண்ணாடி போதும், உடைந்தால் மாற்றுங்கள்.

காரைக்குடி வாசகர்: பழைய போன் ஒன்று மலிவாக வருகிறது. பில் இல்லை. வாங்கலாமா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் வாளியை பில் இல்லாமல் வாங்கலாம். போன் அப்படியில்லை. *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண், ஐ.எம்.இ.ஐ., வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்று பதில் வந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சிவகங்கையிலிருந்து ஒரு தம்பி: புது இயர்போனில் ஒரு காது நாலாம் நாளே செத்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார்கள். ஒட்டிப் பார்க்கட்டுமா?

ஒட்டாதீர்கள். பிரித்த மறுநிமிடம் உங்கள் வழக்கு போச்சு. நானும் ஒரு கீபோர்டைத் திறந்து "சுத்தம்" பண்ணிவிட்டுக் கடைக்காரரிடம் வாயடைத்து நின்றவன்தான். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. அந்த ஒற்றை வரி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறாது. ஆனால் பொருள் பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்பதற்கு இது செல்லாது. பழுது இருக்க வேண்டும்.

முதலில் வேறு போனில் மாட்டி, ஒரு காது கேட்காததை வீடியோ எடுங்கள். கடைக்கு வாட்ஸாப்பில் எழுத்தாகக் கேளுங்கள். மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எழுநூறு ரூபாய் இயர்போனுக்கு அதுவரை போக வேண்டியிருக்காது. 1915 புகார் எண்ணைச் சொன்னதுமே பாதிக் கடையில் குரல் இறங்கிவிடும்.

செட்டிநாடு ரயில் நிலையம் பக்கத்திலிருந்து: போன் விழுந்து தொடுதிரை செத்துவிட்டது. படம் தெரிகிறது, தொட்டால் அசையவில்லை. திரை மாற்றப் பணமில்லை, உள்ளே அப்பாவின் போட்டோக்கள்.

கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்று இரவல் வாங்குங்கள். நூறு ரூபாய் சுமாருக்கு ஓ.டி.ஜி. இணைப்பான் கிடைக்கும், அதைப் போனில் செருகி மவுஸை மாட்டுங்கள். ஆண்ட்ராய்டு போனில் சின்ன அம்புக்குறி வந்துவிடும். பேட்டர்ன் லாக்கையும் மவுஸாலேயே இழுத்துத் திறக்கலாம். சில போன்களில் ஓ.டி.ஜி.யை செட்டிங்கில் தனியாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். தொடுதிரை போன பிறகு அது முடியாது என்பதால், போன் நன்றாக இருக்கிறவர்கள் இன்றைக்கே பார்த்து வையுங்கள். அம்பு வந்தால் கூகுள் போட்டோஸில் பேக்கப்பை ஆன் செய்து, போனில் சார்ஜ் நிறைய இருக்கும்போதே வேலையை முடியுங்கள், ஓட்டை மவுஸுக்குப் போய்விடுவதால் நடுவில் சார்ஜ் போட முடியாது. வாட்ஸாப் பேக்கப்பையும் அப்போதே தட்டிவிடுங்கள். போட்டோவை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள், அவர் அனுப்பிய குரல் பதிவுகள்தான் பாக்கி நின்றுபோகும்.