மொய்ப்பணத்தை வரவில் எழுதலாமா?

கேள்வி: தை மாதம் எனக்குத் திருமணம். எங்கள் இருவர் சேமிப்பு 35,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). அடுத்த ஆண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவியும் கிடைக்கிறது. அப்பாவோ, “ஹோட்டலில் 400 பேருக்கு விருந்து வைப்போம், பாதி மொய்யில் வந்துவிடும்” என்கிறார். சரிப்படுமா அக்கா?
- ஈசூன் வாசகி

பதில்: சரிப்படாது, தங்கச்சி. பத்துப் பேர் உட்காரும் மேசை 1,000 வெள்ளி என்றே வைப்போம். 40 மேசைக்கு 40,000. ஆனால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்களே, அங்கேதான் இடிக்கும். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆக 47,960 வெள்ளி. தாலி, கூறைப்புடவை, ஐயர், மேளம், அலங்காரம், படம் எடுப்பவர் எல்லாம் இதற்கு அப்புறம்.

மொய் கல்யாணத்தன்று வரும். ஹோட்டலோ முன்பணத்தை இப்போதே கேட்கும். அதோடு, வாங்கிய மொய்யை நாளைக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டாமா? வரவில் அதை எழுதவே எழுதாதீர்கள்.

அழைப்புப் பட்டியலை அப்பாவோடு உட்கார்ந்து வெட்டுங்கள். கோபப்படுவார், பரவாயில்லை. காலை முகூர்த்தம், கோயில் மண்டபம், வாழையிலையில் சைவச் சாப்பாடு என்றால் செலவு வெகுவாகக் குறையும். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலும் விசாரியுங்கள். மண்டபத்தை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தை முகூர்த்தத்துக்குப் போட்டி அதிகம், இந்த வாரமே போங்கள்.

திருமணப் பதிவுக் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களில் ஒருவர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் 42 வெள்ளிதான்.